டேங்கில் ஒரு டொக்கு

நெடுஞ்செழியனுக்குக் கோபம் மூக்கின் மேலேயே குடியிருந்தது. ஆரணியில் அவனிடம் வண்டி விட்டவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், தெரிந்தும் விட்டார்கள். நேற்று ஷோரூமிலிருந்து இறங்கிய வண்டியை நாற்பது வருஷத்துக்கு முந்தைய வண்டி மாதிரி ஆக்கித் தர, வேலூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான். அதில் முக்கால்வாசி உண்மை. அதனால் கோபத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

சேவூர் போகும் சாலையில் அவனுடைய தகரக் கொட்டகை. வாசலில் 'ஓல்டு ஸ்கூல் மோட்டார்ஸ்' என்று போர்டு. ஊரில் பழசைப் புதுசு என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. இவன் புதுசைப் பழசாக்கிப் பிழைத்தான். டிஜிட்டல் மீட்டரைப் பிடுங்கிவிட்டு முள் மீட்டர் வைப்பான். அலாய் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கம்பி போட்ட சக்கரம் மாட்டுவான். பார்த்துப் பார்த்து பெயின்ட் அடித்து, காய்ந்ததும் அதையே உப்புத்தாள் போட்டு அங்கங்கே தேய்த்து, தொடை உரசி உரசிப் போனது போலச் செய்வான். சீட்டுத் தோலுக்கு டீ டிகாஷன், பித்தளைக்கு எலுமிச்சையும் உப்பும். டேங்கின் ஓரத்தில் ஓடும் தங்கக் கோடு மட்டும் அவன் மனைவி கனிமொழியின் கை. ஒரே இழுப்பு, நடுவில் மூச்சு விடமாட்டாள்.

அவன் கோபத்தில் பெரிய பங்கு அப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ராமதாஸுக்கு வலது கால் முட்டி மடங்காது. வாலிபத்தில் பனைமரத்திலிருந்து விழுந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். மகன் லட்சக்கணக்கில் விலை போகும் வண்டிகளைச் செய்கிறான், அப்பாவோ பேருந்துக்கு நிற்பார், நடப்பார், ஆனால் மகன் வண்டியின் பின்னால் ஒரு நாளும் உட்காரமாட்டார். மதியம் சாப்பாட்டுக் கேரியரைத் தன் பழைய சைக்கிளில் மாட்டி, அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவார். கேட்டோடு சரி, உள்ளே வரமாட்டார். கேரியரைக் கனிமொழி கையில் கொடுத்துவிட்டு, போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழைய காலத்துல நமக்கு இன்னாடா வேலை?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். தன் தொழிலைக் கிண்டல் செய்கிறார் என்று நெடுஞ்செழியனுக்குச் சோறு இறங்காது.

அந்தச் சைக்கிள் இன்னொரு தலைவலி. அதன் வலது பக்க ஹேண்டில் மேலே திருகிக்கொண்டு ஆட்டுக் கொம்பு போல நிற்கும். ரப்பர் பிடி எப்போதோ போய்விட்டது. மெக்கானிக் வீட்டுச் சைக்கிள் கோணலாகப் போகிறது என்று டீக்கடையில் சிரிப்பார்கள். ஐந்து நிமிஷ வேலை, நிமிர்த்தித் தருகிறேன் என்று நெடுஞ்செழியன் கெஞ்சியிருக்கிறான், கத்தியிருக்கிறான். ஒருமுறை ஸ்பேனரோடு போனவனை ராமதாஸ் அடிக்கவே கை ஓங்கிவிட்டார். நாற்பது வயது மகன்மேல். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவன் எடுப்பதில்லை.

இந்த நிலைமையில்தான் தனசேகரன் வந்தார். பட்டுக் கடைத் தெருவில் பெரிய கடை அவருடையது. கடைக்கு அறுபதாவது வருஷம் வருகிறது, அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விழா. அவருடைய அப்பா பச்சையப்பன் ஓட்டிய புல்லட் எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. அதை அப்படியே மறுபடியும் செய்து கடை வாசலில் நிறுத்த வேண்டும். புது வண்டி ஒன்றை வாங்கி மினி லாரியில் ஏற்றியே வந்துவிட்டார். கூடவே ஒரு போட்டோ. வெள்ளை வேட்டியில் பச்சையப்பன், மீசையும் அவருமாக, இடுப்பில் ஒரு கையும் வண்டியில் ஒரு கையும் வைத்து நிற்கிறார். டேங்கின் இடது பக்கத்தில் ஒரு டொக்கு.

"எல்லாம் ஒரு பக்கம், இந்த டொக்கு ஒரு பக்கம்" என்றார் தனசேகரன். "இது இல்லாட்டி எங்கப்பா வண்டியே இல்ல. சேவூர் ரோட்டு வளைவுல பனைமரத்துல மோதிட்டாரு. மரம் ஆடிப்போச்சாம், அவருக்கு ஒரு கீறல் இல்ல. சின்ன வயசுல தெனம் அந்தக் குழியில விரல வச்சிப் பாப்பேன்பா."

நெடுஞ்செழியன் சரி என்றான். ஆரணியைச் சுற்றிப் பனைமரத்துக்கா பஞ்சம்? அவன் காது அந்தக் கதையைக் கேட்டது, மனசு டொக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி இருபது நாளில் உருமாறிவிட்டது. டொக்குதான் படுத்தியது. போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தால் கட்டை விரல் அளவுக்கு ஒரு வட்டக் குழி, கொஞ்சம் சாய்வாக. அதற்குக் கீழே நகம் பதிந்த மாதிரி ஒரு பிறைக் கோடு. பனைமரம் மோதினால் டேங்க் சப்பிப் போகும், இப்படிக் குழி விழாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அதை அவன் தொழில் கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டான். பழைய தகடுகளை வைத்து உருண்டைச் சுத்தியால் தட்டிப் பார்த்தான், ஸ்பேனர் முனையால், கருங்கல்லால், புளியங்கட்டையால் தட்டிப் பார்த்தான். எதுவும் அந்த மாதிரி வரவில்லை. மூன்று நாள் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தான்.

நான்காம் நாள் சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து ஓடினான். சைக்கிள் ஹேண்டில்! முனைக் குழாய் பட்டால் வட்டம், அதன் கீழே ஓடும் பிரேக் கம்பி பட்டால் பிறை. வாடகைக் கடையிலிருந்து ஒரு பழைய சைக்கிளை இழுத்து வந்து தகட்டில் வைத்துப் பார்த்தான். வட்டமும் பிறையும் வந்தன. சாய்வு மட்டும் வரவில்லை. அப்போதுதான் வீட்டுச் சுவரில் சாத்தியிருக்கும் கோணல் சைக்கிள் நினைவுக்கு வந்தது. ராமதாஸ் அன்று ஒரு கல்யாணத்துக்காகப் போளூர் போயிருந்தார். அவன் அந்தச் சைக்கிளைத் தள்ளி வந்தான். முனையைத் தகட்டில் சாய்த்தான். போட்டோவில் இருந்த சாய்வு அப்படியே உட்கார்ந்தது.

சாவி பூட்டில் விழுந்த மாதிரி இருந்தது அவனுக்கு. டேங்குக்கு அடியில் மணல் மூட்டையை வைத்து, கோணல் முனையைக் கனிமொழியைப் பிடிக்கச் சொல்லி, மரச் சுத்தியால் ஒரே அடி. டொக்கு விழுந்தது. பெயின்ட் அடித்து, தேய்த்து, போட்டோவை அருகில் வைத்துப் பார்த்தான். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

கனிமொழி மட்டும் சிரிக்கவில்லை. எத்தனையோ சைக்கிள் இருக்க மாமா சைக்கிள் மட்டும் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டாள். எல்லாம் அமைகிற நேரம் அமையும் என்று அவன் அவளை அடக்கினான். கெட்டிக்காரன்தான், ஆனால் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தாண்டி ஒரு அடி யோசிக்கமாட்டான்.

மறுநாள் புதன்கிழமை. மதியம் ராமதாஸ் கேரியரோடு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கேட்டில் நிற்க முடியாமல், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, கேரியரை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, தலையைத் துண்டால் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

புல்லட் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது. அதே கறுப்பு, அதே தங்கக் கோடு, அதே உருண்டை விளக்கு. அவர் சுற்றி வந்து இடது பக்கம் நின்றார். டேங்கின்மேல் குனிந்தார். கேரியர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து, ரசம் தரையில் ஓடியது.

"இது இங்க எப்பிடிடா வந்துச்சு?" என்றார்.

நெடுஞ்செழியன் தனசேகரனின் பெயரைச் சொன்னான், பச்சையப்பன் பனைமரத்தில் மோதிய கதையைச் சொன்னான். டொக்கு சரியாக வர அப்பாவின் சைக்கிளைத்தான் எடுத்ததாகப் பெருமையோடு சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரியும்.

"அந்த வளைவுல பனைமரமே கெடையாதுடா" என்றார் ராமதாஸ். "அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. போய்ப் பாரு."

கனிமொழி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் காலை நீட்டி உட்கார்ந்து, தரையில் ஓடிய ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எண்பத்தோராம் வருஷம். அவருக்கு வயது இருபத்திரண்டு. அரிசி மில்லில் மூட்டை தூக்கிச் சேர்த்த கூலியில் வாங்கிய சைக்கிள். அந்தச் சாலையில் ஊர்ப் பெரிய மனுஷர்கள் எதிரே வந்தால் காலனி ஆள் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நின்று, அவர்கள் போன பிறகு ஏற வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோரும் இறங்கினார்கள். அவரும் தினம் இறங்கியவர்தான். அன்றைக்கு எதிரே பச்சையப்பன் புல்லட்டில் வந்தார்.

"அன்னிக்கு எறங்க மனசு வரல. வேற ஒண்ணும் இல்ல. மிதிச்சிகினே போயிட்டேன்."

பச்சையப்பன் கொஞ்ச தூரம் போய் வண்டியைத் திருப்பினார். பின்னாலிருந்து வந்து உரசி, வலது ஹேண்டிலோடு சேர்த்து அவரைச் சாலையோரக் கல் குவியலில் தள்ளிவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. முட்டி நொறுங்கிவிட்டது. கட்டுப் போட்டார்கள், சரியாகச் சேரவில்லை. போலீசுக்குப் போகிறேன் என்று அழுத ராமதாஸின் அம்மாவிடம் மில் முதலாளியும் இன்னும் இரண்டு பேரும் வந்து பேசினார்கள். பையன் பனைமரத்திலிருந்து விழுந்தான் என்று சொன்னால் குடும்பத்துக்கு மில்லில் வேலை உண்டு, இல்லை என்றால் இல்லை. பச்சையப்பன் வீட்டில் டேங்க்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஏதோ சொல்ல வேண்டுமே. அதே பனைமரத்தை அவரும் எடுத்துக்கொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் இல்லாத இடத்தில் ஒரு பனைமரத்தை நட்டு மறைத்திருக்கிறார்கள். ஒருவர் அதில் மோதினாராம், இன்னொருவர் அதிலிருந்து விழுந்தாராம். நாற்பது வருஷமாக இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அந்த ஒரே மரத்தை நம்பி வளர்ந்தார்கள்.

நெடுஞ்செழியன் சுவரோரம் கிடந்த பெரிய சுத்தியை எடுத்தான். என் கையாலேயே, அந்தச் சைக்கிளாலேயே, என்று ஏதோ முனகினான். எத்தனை அழகாக வந்திருக்கிறது என்று போட்டோவோடு ஒத்துப் பார்த்துச் சிரித்தானே, அந்தச் சிரிப்பை நினைத்தால் தன் மண்டையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. டேங்க்கைக் குறிபார்த்துச் சுத்தியை ஓங்கினான்.

"வை கீழ."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? இப்ப பண்றியே, அதான் பண்ணியிருப்ப." ராமதாஸ் காலை இழுத்துக்கொண்டு எழுந்தார். "எங்கிட்ட இருந்தது இந்த ஹேண்டில் மட்டும்தான். அதான் நிமித்த விடல. அவன் வண்டி இரும்புக்குப் போயிடுச்சி, இனி யார் கேப்பான்னு விட்டுட்டேன். இப்ப நீயே அத்த செஞ்சி நிறுத்திகீற. அத்த எதுக்குடா ஒடைக்கிற?"

சுத்தி கீழே இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை தனசேகரன் வண்டியைப் பார்க்க வந்தார். வந்தவர் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராக டொக்குக்குப் போய் அதில் விரலை வைத்தார். கண் கலங்கிவிட்டது. "அச்சு அசல்பா" என்றார். "எங்கப்பாவத் தொட்ட மாதிரியே இருக்குது."

அப்போது கொட்டகைக்கு வெளியேயிருந்து ராமதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தனசேகரனின் விரல் விலகியதும், அந்த இடத்தில் கோணல் முனையைச் சாய்த்தார். வட்டத்தில் குழாய் உட்கார்ந்தது, பிறையில் பிரேக் கம்பி உட்கார்ந்தது. கையை எடுத்துவிட்டார். சைக்கிள் வண்டிமேல் சாய்ந்தபடி அப்படியே நின்றது.

நெடுஞ்செழியன்தான் நடந்ததைச் சொன்னான். கத்தக் கூடாது என்று அப்பா வாங்கியிருந்த சத்தியத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். வருஷம், வளைவு, இறங்காமல் போனது, திருப்பி வந்தது, கல் குவியல். தனசேகரன் சைக்கிளைப் பார்த்தார், நீட்டியபடியே நிற்கும் காலைப் பார்த்தார். தன் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்றார். பிறகு, தான் அப்போது சின்னப் பையன், தனக்கு என்ன தெரியும் என்றார். பிறகு, அந்தக் காலம் அப்படி என்றார். அந்த மூன்றாவது பேச்சில் நெடுஞ்செழியன் ஒரு அடி முன்னால் வந்தான். அந்தக் காலம் என்ன, தானாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததா?

கடைசியில் தனசேகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நாளைக்கு நாலு பேர் வருவாங்க. இந்த டொக்கு வாணாம்பா. எடுத்துடு."

நெடுஞ்செழியன் வாயைத் திறக்கும் முன் ராமதாஸ் பேசினார். குரல் ஏறவே இல்லை.

"எடுத்துடலாங்க. மொதல்ல எங்கால மடங்க வைங்க. அப்பறம் இந்த ஹேண்டில நிமித்தலாம். அப்பறம் அத்த எடுக்கலாம். வரிசையா வருவோம்."

தனசேகரன் காரைப் பார்த்து நடந்தார். காரில் ஏறும்போது, வண்டியை எப்படியாவது நாளைக் காலை கடையில் விட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தும் நெடுஞ்செழியனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வண்டியைக் கொடுக்கவே மாட்டேன், டேங்க்கையாவது கழற்றி வைத்துக்கொள்வேன், விழா மேடையில் ஏறிச் சொல்வேன் என்று அன்று முழுக்கக் குதித்தான். கனிமொழி தூரிகையைக் கழுவிக்கொண்டே, கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அது நம் வீட்டுக்குள் கிடக்கும், தெருவுக்கு எப்படித் தெரியும் என்றாள். ராமதாஸ் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ராமதாஸ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கொட்டகைக்கு வந்தார். நெடுஞ்செழியன் புல்லட்டை உதைத்துக் கிளப்பியிருந்தான். புது வண்டிக்கு பட்டன் போதும், ஆனால் அவன்தான் தேடிப்பிடித்து உதைக்கும் கட்டையும் வைத்திருந்தானே. அவர் வண்டியை இரண்டு தடவை பார்த்தார்.

"நானும் வரேன்" என்றார்.

அவனுக்கு ஒரு நிமிஷம் காது கேட்கவில்லை. கனிமொழி ஓடி வந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இடது காலை மிதியில் ஊன்றி, மடங்காத வலது காலை அவள் இரண்டு கையாலும் தூக்கி மறுபக்கம் விட, அவர் பின் சீட்டில் உட்கார்ந்தார். அந்தக் கால் எங்கேயும் மடங்கவில்லை. வண்டிக்கு வெளியே முக்கால் கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"யாரையாவது இடிக்கப் போவுதுப்பா."

"ஒதுங்கிப் போவாங்க. நீ ஓட்டு."

பட்டுக் கடைத் தெரு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்சல் ஏற்றும் ஆட்டோ, மூட்டை இறக்கும் வேன், குறுக்கே புகும் ஸ்கூட்டர், முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கூட்டம். புல்லட் 'டுப் டுப்' என்று மெல்ல வந்தது. நீட்டிய கால் முன்னால் வந்தது. எதிரே வந்த ஸ்கூட்டர்காரன் பிரேக் போட்டு ஓரம் கட்டினான். ஆட்டோ பின்வாங்கியது. கடைப் படிகளில் நின்றவர்கள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார்கள். எல்லோரும் முதலில் காலைப் பார்த்தார்கள், பிறகு முகத்தை, பிறகு டேங்க்கில் இருந்த டொக்கை. சில பெரியவர்கள் அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பனைமரக் கதை பொய் என்று முன்பே தெரியும் என்பது நெடுஞ்செழியனுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் ரத்தம் கொதித்தது. முதுகில் அப்பாவின் கை அமைதியாக இருந்தது.

தனசேகரன் கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது, நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நிற்பதற்கு என்று சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அவர் கையில் மாலையோடு படியில் நின்றார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்ததும் மாலை கீழே இறங்கியது.

நெடுஞ்செழியன் கம்பளத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எறங்குப்பா, கை குடுக்கறேன்" என்றான்.

ராமதாஸ் கடையைப் பார்த்தார், உள்ளே சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த பச்சையப்பனின் படத்தைப் பார்த்தார். மகன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எறங்கல" என்றார். "இன்னொரு சுத்து போ."